‘ஏன்க்கா நீங்க மட்டும் இப்படி?’ – கொருக்குப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், லேமினேஷன். 2002-ல் அண்ணன் இதைப் பிரவுசிங் சென்டராகத் திறந்தபோது கல்லாவில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. நாளெல்லாம் யாராவது என் தோளுக்குப் பின்னால் நின்று நான் நெட்டில் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்த்தால் சும்மா இருப்பார்களா? ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

“நெட்டு சும்மாத்தானே கீது, எதுக்குக்கா மொதல்ல பேப்பர்ல எழுதுறீங்க?”

எனக்கு நெட் எப்போதும் சும்மா இருந்ததில்லை. நாங்கள் கடை திறந்தபோது மணிக்கு 20 ரூபாய். ஆறு சிஸ்டம், ஆறு பிளைவுட் கேபின், ஒரு டெலிபோன் லைன். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி லைன் கிடைப்பதற்குள்ளேயே கஸ்டமருக்கு மூன்று ரூபாய் ஓடியிருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து “இன்னா எழுதலாம்” என்று யோசிப்பவன் பணத்தைக் கரைக்கிறவன். விவரமானவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மெயிலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். துபாயில் இருந்த புருஷனுக்கு ஒரு அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முழுக்க எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்து “அப்டியே அடிம்மா” என்பார். பத்து நிமிஷத்தில் அடித்து அனுப்பிவிடுவேன். பாதி மணி நேரத்துக்கு உண்டான பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு, மீதி இருபது நிமிஷத்துக்கு அவர் பையனைப் படம் பார்க்க உட்கார வைப்பேன்.

அந்தக் கை இன்னும் மாறவில்லை. இன்று மாசம் முழுக்க ஓடும் கனெக்‌ஷன்தான். ஆனாலும் எதைத் தேடப் போகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதாமல் நான் நெட்டைத் திறப்பதில்லை. எழுதியதைத் தேடி முடித்ததும் மூடிவிடுவேன். என் அண்ணன் மகன் இதைப் பார்த்து “அத்தை, இது ரேஷன் கடையா?” என்று சிரிக்கிறான். அவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து முதலை குட்டி போடுமா முட்டை போடுமா என்ற வீடியோவில் நிற்கிறான். முட்டைதான் போடும். அதைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

“சொந்த போன்லயும் எதுக்கு ஒவ்வொரு தபாவும் லாக் அவுட் பண்றீங்க?”

பிரவுசிங் சென்டரில் ஆட்கள் எழுந்து போவார்கள், மெயில் திறந்தபடியே கிடக்கும். அடுத்த ஆள் உட்காரும் முன் மூடுவது என் வேலை. 2011-ல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது: வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நாங்களும் ஆசாரியை வைத்துத் தடுப்பையெல்லாம் அறுத்தோம். அதற்குப் பிறகு கல்லாவில் இருந்தே எல்லாத் திரையும் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போகும்.

எத்தனையோ பேர் மெயிலைப் படிக்காமல் மூடியிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு தரம் ஒரு வரி படித்துவிட்டேன். “அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே” என்று ஆரம்பித்தது. அந்தப் பையனின் அம்மா தினமும் எங்கள் கடை வழியாகத்தான் பூ விற்றுக்கொண்டு போவார். ஆறு மாசம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பூ வாங்க முடியவில்லை. அதிலிருந்து எதைத் திறந்தாலும் மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன், என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாலும் சரி.

“பாஸ்வேர்டெல்லாம் நோட்ல எழுதலாமா? அது தப்புன்னு சொல்றாங்களே?”

சொல்கிறவர்கள் நாற்பது பேருடைய பி.எஃப். கணக்குக்குப் பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்ததில்லை. நான் எழுதுவது என்னுடையதை மட்டும்தான், கஸ்டமருடையதை எழுதுவதில்லை. அதையும் முழுசாக எழுத மாட்டேன். “பெரியம்மா வீட்டு நாய் + ஸ்கூல் பஸ் நம்பர்” என்கிற மாதிரி குறிப்புதான் இருக்கும். திருடன் கையில் கிடைத்தால் பெரியம்மா வீட்டு நாயைத் தேடி அவன் மூலக்கொத்தளம் வரை போக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது கடைக்குள் முட்டி அளவு தண்ணீர். சிபியூ, பிரிண்டர் எல்லாவற்றையும் மேஜை மேல் ஏற்றிவிட்டு ஷட்டரை இறக்கினோம். நோட்டு மட்டும் கீழ் ஷெல்ஃபில், பேப்பர் கட்டுகளோடு தங்கிவிட்டது. பழைய கேபின் பிளைவுட்டை அறுத்துச் செய்த ஷெல்ஃப் அது. தண்ணீர் வடிந்து வந்து எடுத்தால் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஃபேனுக்குக் கீழே ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காய வைத்தேன். பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலமாகக் கலைந்து ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. பேனா தீர்ந்துபோன அன்று பென்சிலில் எழுதியிருந்த இரண்டு பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது எல்லாமே பென்சில்தான்.

“சப்மிட் அமுக்குறதுக்கு முன்னாடி பேரையும் தேதியையும் எதுக்கு மைக் செட் மாதிரி கத்துறீங்க? தெருவே கேக்குது.”

ஒரு பெண் காலேஜ் அப்ளிகேஷனுக்கு வந்தாள். பிறந்த தேதி ஜூன் 5. அந்தப் படிவம் மாதத்தை முதலில் கேட்டது. கேள்வியைப் பார்க்காமல் நான் தேதியை முதலில் போட்டுவிட்டேன். அவள் மே 6-ல் பிறந்தவளாகிவிட்டாள். சர்ட்டிபிகேட் சரிபார்க்கும் அன்றுதான் தெரிந்தது. அதைத் திருத்த மூன்று நாள் அந்த ஆபீஸ் படிக்கட்டில் அவளோடு நானும் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவர் “யார் அடிச்சது இத?” என்று கேட்டபோது அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நான்தான் சார்” என்றாள். சீட் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த “நான்தான் சார்” என் காதை விட்டுப் போகவில்லை.

அதனால் கத்துவேன். தேதியை எண்ணாகச் சொல்ல மாட்டேன், “ஜூன் மாசம் அஞ்சாம் தேதி” என்று மாசத்தின் பெயரோடுதான் சொல்வேன். இனிஷியல், அப்பா பெயரின் எழுத்து, ஆதாரில் உள்ள எழுத்து மூன்றையும் கஸ்டமர் வாயால் “ஆமா” என்று சொல்ல வைத்த பிறகுதான் அமுக்குவேன். லேட்டாகும். லேட்டாகட்டும்.

“ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் ரெஃப்ரெஷ் அமுக்கிட்டே கீறாங்க, நீங்க மட்டும் கைய கட்டிகினு உக்காந்திருக்கீங்களே?”

எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளினால் கதவு எப்படித் திறக்கும்? பிளஸ் டூ ரிசல்ட் அன்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே பக்கத்துக்கு ஒரே நிமிஷத்தில் போகிறார்கள். சர்வர் ஒரு பதிலைப் பாதி அனுப்பும்போது நீங்கள் மறுபடி அமுக்கினால் அந்தப் பாதி வீண், வரிசையில் உங்கள் பெயரில் இன்னொரு ஆள் சேர்ந்த கணக்கு. நம்பரைப் போட்டு ஒரு தரம் அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் வரும். இப்போது போனுக்கே மெசேஜ் வந்துவிடுவதால் கடையில் அந்தக் கூட்டம் இல்லை. அப்போதெல்லாம் ரோடு வரை நிற்பார்கள். துறைமுகத்து கேஷுவல் லேபர், மீன் கூடைக்காரம்மா, தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த தாத்தா என்று எல்லார் கையிலும் ரிஜிஸ்டர் நம்பர் எழுதிய சீட்டு.

அப்போது வந்த ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது. யாருடைய ரிசல்ட்டானாலும் மானிட்டரை முதலில் என் பக்கம் திருப்பிக்கொள்வேன். நான் படித்த பிறகுதான் அவர்கள் பக்கம் திருப்புவேன். பாஸ் என்றால் அப்படியே திருப்பிவிடலாம், கத்துவதற்குப் பின்னால் பத்து பேர் இருப்பார்கள். பெயில் என்றால் திருப்ப மாட்டேன். மார்க்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, துணைத் தேர்வுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று வெளிப்பக்கம் எழுதிக் கொடுப்பேன். “பிரிண்டர் இங்க் இல்லப்பா” என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். நாலைந்து வருஷம் கழித்து ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் “இங்க் இல்ல” என்றதும் வரிசையில் நிற்பவர்கள் “அய்யய்யோ” என்றார்கள். அப்புறம் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். மடித்த சீட்டு மட்டும் தொடர்ந்தது.

“தமிழ் டைப் பண்ணும்போது ‘கொ’ எழுத எதுக்கு மொதல்ல கொம்பு போடுறீங்க?”

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தவள். டைப்ரைட்டரில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று தட்டு. கையால் எழுதும்போதும் அப்படித்தானே எழுதுகிறோம்? கம்ப்யூட்டர் உள்ளே, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் ‘க’ முதலில், ஒகரக் குறி பிறகு என்றுதான் சேமித்து வைக்கிறது. நான் முன்னால் போட்ட கொம்பைச் சாஃப்ட்வேர் பின்னால் தள்ளிச் சரிசெய்துகொள்கிறது. அதன் கஷ்டம் அதோடு.

1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் முடிவாகி வந்த தமிழ்99 கீபோர்டு முறை இதைவிடச் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ‘கொ’வுக்கு க, ஒ என இரண்டே தட்டு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நான் இரண்டு வாரம் முயன்றேன், கனவில்கூட விரல் தப்பாக விழுந்தது, விட்டுவிட்டேன். அண்ணன் மகன் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறான். அவனுக்கு ‘ழ’ எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஆனால் வேகமாகத்தான் அடிக்கிறான்.

இதிலேயே இன்னொரு தலைவலி: 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டாயிற்று. இருந்தும் இன்றைக்கும் சிலர் “வானவில் அவ்வையார்லதான் வேணும்” என்று வந்து நிற்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மனு முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகத் தெரியும். அதற்காகவே இரண்டு காப்பி கொடுத்து அனுப்புகிறேன்.

“வாய்ஸ்ல பேசினா தானா தமிழ்ல அடிக்குதே, அதையாவது பண்ணலாமே?”

செய்து பார்த்தேன். செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால் சரியாக வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் “பாய இஸ்துகினு அப்பால குந்து” என்று சொல்லிப் பார்த்தார். அது எழுதிக்காட்டியதை இங்கே எழுத முடியாது.

“வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா எப்ப பாப்பீங்க?”

கேட் போட்டால் பார்ப்பேன். நிஜமாகவே சொல்கிறேன். ஸ்கூட்டியில் வீட்டுக்கும் கடைக்கும் போகும்போது கேட் மூடியிருந்தால் வண்டியை ஆஃப் செய்துவிட்டுப் போனை எடுப்பேன். எலெக்ட்ரிக் ட்ரெயின் என்றால் குடும்ப குரூப் மட்டும். கூட்ஸ் வந்தால் கஸ்டமர் மெசேஜும். கூட்ஸ் நடுவில் நின்றுவிட்டால் காலை வணக்க ரோஜாப்பூ உட்பட எல்லாருக்கும் பதில் உண்டு. கேட் திறந்தே இருக்கும் நாளில் யாருக்கும் பதில் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

“புழல் ஏரி ஒடஞ்சிட்டுதாம்க்கா, ஃபார்வர்டு வந்துச்சு!”

மழைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று முறை வரும் கேள்வி, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மெசேஜின் மேல் எத்தனை அம்புக்குறி இருக்கிறது பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் பல கை மாறி வந்த சரக்கு. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கோ ஒரே குரூப்புக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப்பே கட்டுப்படுத்திவிட்டது. இருந்தும் நம்ம ஆட்கள் ஒவ்வொருவராகத் தேடித் தேடி அனுப்புகிறார்கள். அந்த உழைப்பை என்ன சொல்ல.

இரண்டாவது, நான் காலையில் கடை திறந்ததும் முதலில் பார்ப்பது சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவரப் பக்கம். கோயில் கோபுரம் பார்ப்பது மாதிரி. புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு ஆழம் 21.20 அடி. இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு விடுகிறார்கள் எல்லாம் அந்த ஒரு அட்டவணையில் இருக்கும். ஏரி நிறைந்து உபரி நீரைத் திறப்பது வேறு, ஏரி உடைவது வேறு. திறந்தால் அது மணலி, சடையங்குப்பம் வழியாகப் போய் எண்ணூரில் கடல் சேரும். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் போன் போட்டு விசாரியுங்கள். செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்கள் என்று நம்ம தெருவில் மெழுகுவத்தி வாங்கி வைக்கிறவர்களையும் பார்க்கிறேன். அது அடையாற்றுக்குப் போகும் தண்ணீர். அவர்களுக்காகக் கவலைப்படலாம், தப்பில்லை. ஆனால் மாவாட்டி வைப்பதற்கு அது காரணமில்லை.

மழை பெய்யும்போது வானிலைத் துறையின் ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். அந்த ரேடார் இருப்பதே நம்ம துறைமுகத்தில்தான். கடலுக்குள்ளிருந்து மஞ்சளும் சிவப்புமாகத் திட்டு நகர்ந்து வருவது தெரிந்தால் வெளியே வைத்திருக்கும் ஜெராக்ஸ் போர்டை உள்ளே எடுக்கச் சொல்வேன். டிவியில் நுங்கம்பாக்கம் இவ்வளவு, மீனம்பாக்கம் இவ்வளவு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது எரிச்சலாக வரும்.

“மீன் ஆன்லைன்ல வாங்குவீங்களா?”

காசிமேடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? செவுளைத் தூக்கிப் பார்க்க விடும் ஆப் வரட்டும், யோசிக்கலாம்.

“ஓடிபி வந்திருக்கு, நீங்களே என் போனை எடுத்துப் பாத்துக்கங்களேன்க்கா.”

மாட்டேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றால் என் கண்ணாடியைத் தருகிறேன். நீங்களே படியுங்கள், மெதுவாகப் படியுங்கள், பின்னால் நிற்பவருக்குக் கேட்காமல் படியுங்கள். படிக்கும் முன் அந்த மெசேஜில் எதற்கான ஓடிபி என்று எழுதியிருப்பதையும் பாருங்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் ஏமாந்திருக்கிறார். “இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்” என்று வந்த மெசேஜ். நம்பர் சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பர். பில் கட்டியாயிற்று, ரசீது என் பிரிண்டரில் நானே எடுத்தது. ஆனாலும் பயத்தில் கூப்பிட்டு, அவன் சொன்ன ஆப்பைப் போனில் ஏற்றி, அன்றைக்குச் சீட்டு எடுத்திருந்த பணத்தில் 18,000 ரூபாய் போயிற்று. வெட்கத்தில் இரண்டு நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருந்தால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க ஒரு வழி இருந்திருக்கும். அந்த எண்ணை இப்போது ஜெராக்ஸ் மெஷின் மேல் பெரிதாக ஒட்டியிருக்கிறேன். ஒருத்தர் வந்து “இது ஜெராக்ஸ் விலையா?” என்று கேட்டார்.

“தட்கல் போட்டுத் தர்றீங்களா?”

ஏசி பத்து மணி, ஸ்லீப்பர் பதினொன்று. இரண்டு நேரத்திலும் கடையில் கூட்டம். முடியாது.

“கடை மூடுனப்புறம் தனியா உக்காந்து என்னாத்தப் பாக்குறீங்க?”

தனியாக இல்லை. பக்கத்தில் மாமியார் இருப்பார். துண்டுச் சீட்டு எழுதாமல் நான் நெட்டைத் திறப்பது அந்த ஒரு நேரம்தான்.

மாமியார் ரங்கூனில் பிறந்தவர். 1964-ல், பன்னிரண்டு வயதில், கப்பலில் அகதியாக வந்து இறங்கியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் நான் சாட்டிலைட் மேப்பில் யாருக்கோ பட்டா இடம் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்தவர், “இதுல ரங்கூன் வருமா?” என்றார். வந்தது. “டல்ஹௌசி தெரு போடு” என்றார். போட்டேன், எங்கெங்கோ போயிற்று. மொகல் தெரு போடு என்றார், அதுவும் கிடைக்கவில்லை. தெருக்களுக்கெல்லாம் பெயர் மாற்றிவிட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. மேப் பொய் சொல்கிறது என்று மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் நான் வேறு வழியாகப் போனேன். “உங்களுக்கு அங்க என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்டேன். “சூலே பயா” என்றார். சூலே பகோடா என்கிற புத்தர் கோயிலைத்தான் அப்படிச் சொல்கிறார். அது ரோட்டுக்கு நடுவிலேயே இருக்கும், சுற்றிலும் வண்டி போகும் என்றார். சாட்டிலைட் படத்தில் தங்கப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தது. அங்கிருந்து கிழக்கும் மேற்குமாகப் போகும் பெரிய ரோடு இப்போது மகா பந்துலா ரோடு. அதுதான் பழைய டல்ஹௌசி. மேற்கே நகர்ந்தால் ஷ்வே போந்தா தெரு. அதுதான் மொகல் தெரு. திரையில் விரலை வைத்து “இது இல்ல, இது இல்ல, இன்னும் ஒண்ணு தள்ளு” என்று மாமியார் ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

அதிலிருந்து தினமும் ராத்திரி பதினைந்து நிமிஷம். பள்ளிக்கூடம் போன வழி, அப்பா வேலை பார்த்த கிட்டங்கி, ஆற்றங்கரை. சில தெருவில் நின்று பார்க்கிற மாதிரிப் படமும் இருக்கிறது. ஆனால் அவருக்கு மேலே இருந்து பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது. கீழே போனால் கடைகளின் போர்டு, கார், எல்லாம் புதிதாக இருக்கிறது, மனசுக்கு ஒட்டவில்லை என்கிறார். மேலே இருந்து பார்த்தால் தெரு மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

போன வாரம் ஒரு மொட்டை மாடியைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். நீலமாக ஒரு தண்ணீர் டேங்க், கொடியில் ஏதோ வெள்ளைத் துணி. “யாரோ துணி எடுக்காம விட்டிருக்காங்க பாரு,” என்றார், “மழ வந்தா நனையும்.”